முக்காலே அரைக்கால் கர்ணம்

தமிழ் வாட்ஸாப் குழுக்களில் அவ்வப்போது ஒரு கணக்குப் பாட்டு சுற்றுக்கு வரும். போதையனார் என்ற புலவர் பாடியது என்பார்கள். பாட்டு சொல்லும் வழி எளியது. ஒரு செங்கோண முக்கோணத்தில் தரையில் ஓடுகிற பக்கத்தை எட்டுப் பங்காக்கிக்கொள்ள வேண்டும், அதில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டும், மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். கர்ணம் கிடைத்துவிடும். வர்க்கமும் கிடையாது, வர்க்கமூலமும் கிடையாது. அதற்குக் கீழே பிதாகரஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழன் கண்டுபிடித்துவிட்டான் என்று ஒரு வரியும், பகிரச் சொல்லி ஒரு வேண்டுகோளும் இருக்கும். குழுவில் கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் இது வெறும் தோராயம், பொய்ப் பெருமை என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பிறகு சண்டை மொழிக்கும் இனத்துக்கும் போய்விடும். முக்கோணத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரண்டு தரப்பும் அந்த விதியை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குக் குறை. போட்டுப் பார்த்தால், அது பிதாகரஸ் தேற்றத்துக்குப் போட்டியாக நிற்கக்கூடியது இல்லை என்பது தெரியும். வெறும் உளறல் என்று தள்ளக்கூடியதும் இல்லை என்பதும் கூடவே தெரியும். இரண்டு குறிப்பிட்ட முக்கோணங்களை நன்றாக அறிந்த ஒருவர் செய்த கருவி அது. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை அதன் எண்களே சொல்கின்றன.

போட்டுப் பார்ப்போம். பக்கங்கள் 4, 3. நான்கில் எட்டில் ஒரு பங்கு அரை, அதைத் தள்ளினால் மூன்றரை. மூன்றில் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. சரி. 8, 6 போட்டால் 10 வரும்; அதுவும் சரிதான், ஆனால் அது முதல் முக்கோணத்தின் இரட்டிப்பு, புதுச் சாட்சி ஆகாது. பகிரப்படும் பதிவுகளில் பெரும்பாலும் உதாரணம் இதோடு நின்றுவிடும். 12, 5 போடுங்கள்: பத்தரையும் இரண்டரையும் 13. இதுவும் துல்லியம். இப்போது 15, 8. உண்மையான கர்ணம் 17. விதி தருவது 17.125. கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் தவறு. 24, 7 போட்டால் 25-க்குப் பதில் 24.5. இரண்டு பக்கமும் சமமாக 1, 1 போட்டால் 1.4142 வர வேண்டிய இடத்தில் 1.375. கடைசியாக 40, 9. கர்ணம் 41 வர வேண்டும். விதி 39.5 என்கிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது பின்னத்தில் நேர்ந்த சின்னப் பிசகு இல்லை. கர்ணம் என்பது முக்கோணத்தின் மிக நீண்ட பக்கம்; அது 40 என்ற பக்கத்தைவிடக் குட்டையாக வருகிறது. அப்படி ஒரு முக்கோணமே இருக்க முடியாது. உயரம், தரைப் பக்கத்தில் கால் பங்குக்குக் கீழே போகும்போதெல்லாம் இதே கதைதான். எட்டில் ஒன்றைத் தள்ளியதால் வந்த இழப்பை, உயரத்தின் பாதியால் ஈடுகட்ட முடியாமல் போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தப் பக்கத்தை எட்டாகப் பிரிப்பது? 4, 3 முக்கோணத்தைத் திருப்பி நிறுத்தி, தரையில் 3, உயரம் 4 என்று வைத்துப் பாருங்கள். 2.625-உம் 2-உம் சேர்ந்து 4.625 ஆகிறது. முக்கோணத்தைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தினாலும் கர்ணம் மாறாது. விதியின் விடை மாறுகிறது. ஆகவே தரை, உயரம் என்று பார்க்காமல், இரண்டில் நீளமானதைத்தான் எட்டாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தாக வேண்டும். நியாயமாக இருக்க, இனி அந்த நிபந்தனையோடே விதியைப் படிக்கிறேன்: நெடும்பக்கத்தில் முக்காலே அரைக்கால் (எட்டில் ஏழு), குறும்பக்கத்தில் அரை.

இப்படிப்பட்ட விதி எங்கெல்லாம் துல்லியமாக இருக்கும்? இதைக் கேட்பவர் குறைவு. பத்தாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும். நெடும்பக்கத்தை 1 என்று வைத்துக்கொண்டு, குறும்பக்கத்தை அதன் ஒரு பங்காகக் குறியுங்கள். விதி தரும் கர்ணத்தின் வர்க்கமும் தேற்றம் தரும் வர்க்கமும் சமமாக வேண்டும் என்று எழுதி, பின்னங்களை நீக்கினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும்: பங்கின் வர்க்கத்துக்கு 48 மடங்கு, அதிலிருந்து பங்குக்கு 56 மடங்கு கழித்து, 15 கூட்டினால் பூஜ்ஜியம். 56-இன் வர்க்கம் 3136. அதிலிருந்து 4, 48, 15 மூன்றின் பெருக்கலான 2880-ஐக் கழித்தால் 256, அதாவது 16-இன் வர்க்கம். முழு எண்ணாக மூலம் கிடைக்கும்போதே சந்தேகம் வர வேண்டும். விடைகள் இரண்டு: 72-இன் கீழ் 96, 40-இன் கீழ் 96. சுருக்கினால் 3/4, 5/12. அவ்வளவுதான். 3-4-5 வடிவத்திலும் 5-12-13 வடிவத்திலும் மட்டும் விதி துல்லியம். மூன்றாவதாக ஒரு வடிவமும் கிடையாது. மடங்குகளை விட்டுவிட்டால், முழு எண்களால் அமைந்த செங்கோண முக்கோணங்களில் மிகச் சிறியதும் அதற்கு அடுத்ததும் இவைதான்.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். நெடும்பக்கத்தின் ஏதோ ஒரு பங்கையும் குறும்பக்கத்தின் ஏதோ ஒரு பங்கையும் கூட்டிக் கர்ணம் வர வேண்டும், அது 3-4-5-க்கும் 5-12-13-க்கும் பொருந்த வேண்டும் என்று ஒருவர் தேடினால், அவருக்குக் கிடைக்கும் ஒரே ஜோடி முக்காலே அரைக்காலும் அரையும்தான். முதல் முக்கோணத்தின் அளவை மும்மடங்காக்கி அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், நெடும்பக்கம் 12-உம் 12-உம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். குறும்பக்கத்தில் 9-இல் 5 போக 4, கர்ணத்தில் 15-இல் 13 போக 2. நான்கு பங்குக்கு இரண்டு என்றால் பங்கு அரை. மீதி தானாக வருகிறது. ஓலையில் எழுதாமல் மனக்கணக்காகவே போடக்கூடிய வேலை இது. ஆகவே விதியைச் செய்தவர் இந்த இரண்டு முக்கோணங்களையும் முன்பே கையில் வைத்திருந்தார், அவற்றின் மேல் இதைப் பொருத்தினார் என்பதுதான் எனக்கு மிகவும் நம்பத்தக்க விளக்கமாகப் படுகிறது. அப்படியானால் இது தேற்றத்தைத் தவிர்த்துவிட்டுப் போன குறுக்குவழி ஆகாது. செங்கோண முக்கோணங்களைப் பற்றிய துல்லியமான அறிவின் மேல் நின்றுகொண்டு செய்த எளிமையாக்கம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும், வலுவான மறுப்புதான். பாதி, எட்டில் ஒன்று என்பவை மனிதர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் பின்னங்கள். யாரோ கயிற்றை மடித்து மடித்து அளந்து பார்த்து இதற்கு வந்திருக்கலாம், இரண்டு முக்கோணங்களும் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். பின்னங்கள் மட்டும் ஒருவரது மனத்துக்குள் என்ன ஓடியது என்று நிரூபித்துவிடாது. ஆனாலும் கயிற்றால் வந்தவருக்கும் விடை சரியா என்று பார்க்க ஒரு உண்மையான செங்கோணமும், அதன் உண்மையான கர்ணமும் தேவைப்பட்டிருக்கும். 3-4-5-ஐயும் 5-12-13-ஐயும் அறிய தேற்றம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கயிறு போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது அதைவிடக் குறைவான ஒன்று. இந்த விதி தனியாக நிற்பதில்லை. சரியான அளவுகள் சிலவற்றுக்குப் பின்னால்தான் இது வர முடியும்.

சரி, இரண்டு இடத்தில் மட்டும் துல்லியமான விதியால் யாருக்கு என்ன பயன்? அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் பிழை எவ்வளவு என்று பார்த்தால் மதிப்பு புரியும். குறும்பக்கம் நெடும்பக்கத்தில் 5/12-க்கும் 3/4-க்கும் நடுவே இருக்கும்வரை, விதி எப்போதும் ஒரு பொடி அதிகமாகவே சொல்லும். அந்த அதிகம் நூற்றுக்கு 0.8-ஐத் தொடுவதில்லை. பிழை உச்சத்துக்குப் போகும் இடம் 7, 4 என்ற முக்கோணம்: உண்மை 8.062, விதி 8.125. ஓட்டுக் கூரைக்குக் கைமரம் அறுக்கும் ஆசாரியின் இடத்திலிருந்து பாருங்கள். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை 12 அடி, முகடு எழும்புவது 7 அடி. விதிப்படி பத்தரையும் மூன்றரையும் 14 அடி. உண்மையில் தேவை 13.89 அடி. மரம் ஒன்றேகால் அங்குலம் போல நீளமாக நிற்கும். வாய் பார்த்துச் சீவிக்கொள்ளலாம். குறைவாக அறுத்த மரம்தான் வீண், அதிகமாக அறுத்தது வீணில்லை. பிழை இந்தப் பக்கமாகவே சாய்வது, தொழில் செய்பவருக்கு ஏற்ற குணம். கணக்குப் போடும் விதமும் கைக்கு வசமானது. ஒரு கயிற்றை மூன்று முறை மடித்தால் எட்டில் ஒன்று. ஒரு முறை மடித்தால் பாதி. கால், அரை, முக்கால், அரைக்கால் என்று பின்னங்களை வாய்ப்பாடாகச் சொல்லி வளர்ந்த சமூகத்தில் முக்காலே அரைக்கால் என்பது கடினமான எண்ணே இல்லை. ஆனால் அதே ஆசாரி செங்குத்தான கூரைக்குப் போனால் மாட்டிக்கொள்வார். 12-க்கு 12 எழும்பும் கூரைக்கு விதி பதினாறரை அடி என்கும், வேண்டியது 16.97. ஐந்தரை அங்குலத்துக்கு மேல் குறை. 12-க்கு 3 மட்டும் எழும்பும் தட்டையான தாழ்வாரத்துக்கு விதி 12 அடி என்கும், அதாவது சரிவே இல்லாததுபோல. அங்கே நாலேகால் அங்குலத்துக்கு மேல் குறை. மரத்தோடு போன காசுக்குப் பாட்டு பொறுப்பேற்காது.

இந்த விதியின் மேல் எனக்கு மரியாதை வரக் காரணமான இன்னொரு செய்தி எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. மின்னணுச் சுற்று வடிவமைப்பில் இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கும் வேலை அடிக்கடி வரும். சிக்னலின் வலிமையைக் காண, படத்தில் பொருளின் விளிம்பைக் கண்டுபிடிக்க. வர்க்கமூலம் எடுக்கும் சுற்று பெரியது, மெதுவானது. அதனால் பெரிய எண்ணின் ஒரு பங்கையும் சிறிய எண்ணின் ஒரு பங்கையும் கூட்டித் தோராயமாக முடித்துவிடும் வழக்கம் உண்டு. டேனியல் காஜ்ஸ்கி 1997-இல் வெளியிட்ட இலக்கமுறை வடிவமைப்புப் பாடநூலில் இதற்கு எடுத்துக்கொண்ட பங்குகள் பெரியதில் 0.875, சிறியதில் 0.5. அதாவது முக்காலே அரைக்காலும் அரையும். காரணமும் கயிறு மடிப்பதுதான்: இருமத்தில் எட்டால் வகுப்பது என்றால் இலக்கங்களை மூன்று இடம் நகர்த்துவது, இரண்டால் வகுப்பது ஓர் இடம் நகர்த்துவது, கூடுதல் சுற்றே வேண்டியதில்லை. ஆனால் அந்த நூலின் விதியில் ஒரு சின்ன வால் ஒட்டியிருக்கிறது. கிடைத்த விடையையும் பெரிய எண்ணையும் ஒப்பிட்டு, எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். 40, 9-க்கு 39.5 என்ற அபத்தத்தைத் தடுக்கும் காவல் அது. அந்த ஒரு நிபந்தனையோடு, எந்த வடிவ முக்கோணமானாலும் பிழை நூற்றுக்கு 3-க்குள் அடங்கிவிடுகிறது. பொறியாளர்களுக்கு இது தோராயம் என்று தெரியும், எவ்வளவு தோராயம் என்றும் தெரியும், எங்கே உடையும் என்றும் தெரியும். அதனால்தான் அவர்களால் இதை நம்பிப் பயன்படுத்த முடிகிறது. வாட்ஸாப் பதிவில் இல்லாதது இந்த மூன்றும்தான்.

இனி பிதாகரஸுக்கு முன் என்ற பெருமைக்கு வருவோம். பாட்டின் காலத்துக்கு அந்தப் பதிவுகள் எந்த ஓலைச்சுவடியையும் காட்டுவதில்லை. பாட்டின் தமிழோ, அகராதி இல்லாமல் இன்று யாரும் புரிந்துகொள்ளும் தமிழ். போதையனார் என்ற பெயரை, சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி நூலைச் செய்த போதாயனரோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் காலத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கே அவசியம் இல்லை என்பேன். பிதாகரஸ் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முன்பே பாபிலோனியர் களிமண் பலகையில் இந்தத் தேற்றத்துக்குப் பொருந்தும் எண்களை எழுதிவிட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிளிம்ப்டன் 322 என்ற பலகையில் பதினைந்து வரிசைகள்; நான்காவது வரிசையில் குறும்பக்கம் 12709, கர்ணம் 18541. இவற்றோடு சேரும் நெடும்பக்கம் 13500. தடவிப் பார்த்து, அளந்து பார்த்து யாரும் இந்த எண்களுக்கு வர முடியாது. (நம் விதி இங்கே 18167 என்கும்; 374 குறைவு.) யேல் பல்கலைக்கழகத்திலுள்ள இன்னொரு பலகை, சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு 1.41421 வரை சரியாக வரும்படி மதிப்பு தருகிறது. போதாயன சுல்ப சூத்திரமோ, செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரம் இரண்டு பக்கங்களின் மேல் வரையும் சதுரங்களின் கூட்டுக்குச் சமம் என்பதை எந்தத் தோராயமும் இல்லாமல் பொதுவாகவே சொல்லிவிடுகிறது. சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அது தரும் மதிப்பு 577-இன் கீழ் 408. ஐந்து தசம இடம் சரி. இவற்றுக்குப் பக்கத்தில் நம் விதியின் 1.375-ஐ நிறுத்தி, நாங்கள்தான் முதல் என்பது நமக்கே அழகில்லை. கிரேக்கர்களின் பங்கு கண்டுபிடிப்பில் இல்லை, யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தேற்றத்தை நிறுவியதிலும், கூடவே அதன் மறுதலையையும் நிறுவியதிலும்தான்.

மறுதலை என்பது வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கடந்துபோய்விடும். கட்டட வேலையில் உண்மையில் உழைப்பது அதுதான். மேஸ்திரி அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது கர்ணத்தைத் தேடுவதில்லை. ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலை செங்கோணம். மூன்று பக்கமும் தெரிந்திருந்து கோணத்தைத் தேடுகிற கணக்கு இது. தேற்றம் எல்லா அளவுக்கும் துல்லியமாக இருப்பதால்தான் இது நடக்கிறது. தோராய விதியை இங்கே வைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி அறை. மூலைக்கு மூலை எவ்வளவு வர வேண்டும்? விதி 13.75 அடி, அதாவது 13 அடி 9 அங்குலம் என்கும். அந்த அளவு வரும்வரை சுவர்க் கயிற்றை நகர்த்தினால் மூலை 87 பாகையைக்கூடத் தொடாது. 10 அடிச் சுவரின் மறுமுனை ஆறரை அங்குலம் உள்ளே சாய்ந்திருக்கும். தரைக்கு டைல்ஸ் போடும் நாளில் அது தெரியவரும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்கும்போதும் இதே ஆபத்துதான். பள்ளிக் கணக்கில் எப்போதும் கர்ணத்தையே கேட்பதில்லை. கர்ணம் கொடுத்து, பக்கம் ஒன்றைக் கேட்பார்கள். வாழ்க்கையிலும் அப்படித்தான். 10 அடி ஏணியின் கால், சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருக்கிறது. ஏணி எவ்வளவு உயரம் எட்டும்? விதியைத் திருப்பினால் 10-இல் 1 போக 9, அதை எட்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் 10.29 அடி. 10 அடி ஏணி 10.29 அடி உயரத்தில் போய்ச் சாய்கிறது! இது விதி பொருந்தாத சரிவு என்று ஒதுக்கலாம். சரி, விதி நன்றாக வேலை செய்யும் சரிவிலேயே பார்ப்போம். பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு தாமரைக் கணக்கு உண்டு. நீர்மட்டத்துக்கு மேல் அரை முழம் நிற்கும் தாமரை, காற்றில் சாய்ந்து 2 முழம் தள்ளி நீரில் மூழ்குகிறது. குளத்தின் ஆழம் எவ்வளவு? உண்மையான விடை 3.75 முழம், தண்டின் நீளம் 4.25. இது 8-15-17 வடிவம், நேர்வழியில் விதி நூற்றுக்கு 0.7 மட்டுமே பிசகும் வடிவம். ஆனால் விதியை வைத்து ஆழத்தைத் தேடினால் 4 முழம் வருகிறது. பிழை நூற்றுக்கு ஏறக்குறைய 7. நேராகப் போகும்போது பொடியாக இருந்த பிழை, திரும்பி வரும்போது ஒன்பது, பத்து மடங்கு ஊதிவிட்டது. கர்ணத்துக்கும் நெடும்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. பிழை முழுக்க அந்தச் சின்ன வித்தியாசத்தின் மேலேயே போய் விழுகிறது. தெரியாத பக்கம் எதுவானாலும் ஒரே உறுதியோடு தருவது தேற்றம். இந்த விதி ஒரு திசைக்கு மட்டும் ஆனது.

வர்க்கமூலம் போடத் தெரியாத சாதாரண மனிதனுக்கு அது உதவியதே, அதுதானே பெருமை என்று கேட்கலாம். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் வர்க்கமூலத்தைத் தவிர்க்கத் துல்லியத்தைக் கைவிட வேண்டும் என்பது அவசியமில்லை என்று அதே லீலாவதி காட்டுகிறது. 32 முழ மூங்கில் காற்றில் முறிந்து, நுனி அடியிலிருந்து 16 முழத்தில் தரையைத் தொடுகிறது, எங்கே முறிந்தது? முறிந்து சாய்ந்த பகுதி கர்ணம், நிற்கும் பகுதி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து 32. கர்ண வர்க்கத்தில் பக்க வர்க்கம் போனால் 256. அது இரண்டின் கூட்டலையும் வித்தியாசத்தையும் பெருக்கியதற்குச் சமம். ஆகவே வித்தியாசம் 256-ஐ 32-ஆல் வகுத்த 8. கூட்டல் 32, வித்தியாசம் 8 என்றால் நிற்பது 12 முழம். ஒரே ஒரு வகுத்தல், மூலம் எடுக்கவே இல்லை, விடையில் துளிப் பிசகும் இல்லை. சீனத்தின் ஒன்பது அத்தியாயங்கள் என்ற பழங்கணித நூலிலும் இதே மூங்கில் 10-க்கு 3 என்ற அளவில் வருகிறது. அங்கே விடை 4.55. மேலே சொன்ன தாமரையும் அப்படியே: வித்தியாசம் அரை, 4-ஐ அரையால் வகுத்தால் கூட்டல் 8, ஆழம் மூன்றே முக்கால். மூலம் எடுத்தே ஆக வேண்டிய இடத்துக்கும் ஆரியபட்டர் 499-இலேயே இலக்கம் இலக்கமாக அதை எடுக்கும் முறையைச் சொல்லிவிட்டார்.

தோராயம் என்று சொல்வதே நம் முன்னோரை இழிவு செய்வது என்று கோபப்படுபவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டலாம்: பிரம்மகுப்தர். 628-இல் எழுதிய நூலில் நாற்கரத்தின் பரப்புக்கு அவர் இரண்டு வழி தருகிறார். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது ஒன்று. அதைப் பருமட்டானது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். வர்க்கமூலத்தோடு வருவது இன்னொன்று. அதை நுட்பமானது என்கிறார். இரண்டையும் ஒரே இடத்தில், பெயர் சூட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். (அவருடைய நுட்பமான சூத்திரமும் நான்கு முனையும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பது வேறு கதை.) எது பருமட்டு, எது நுட்பம் என்று பிரித்துச் சொல்வது மேற்கிலிருந்து இறக்குமதியான சந்தேகப் புத்தி இல்லை, இந்த மண்ணின் கணித மரபிலேயே இருக்கும் ஒழுக்கம். போதையனார் பாட்டின் கீழே பருமட்டு என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அதன் மதிப்பு ஒரு அணுவும் குறைந்திருக்காது.

அப்படியானால் பள்ளியில் இதைச் சொல்லித்தரலாமா? தாராளமாக. தேற்றத்துக்குப் பதிலாக வைத்தால்தான் கேடு. தேற்றம் படித்த பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தால், ஒரு வாரம் ஓடும் அளவுக்குச் சரக்கு இதில் இருக்கிறது. எங்கே துல்லியம் என்று தேடினால் இருபடிச் சமன்பாடு வருகிறது. பிழையைப் படம் போட்டால் வளைகோட்டை ஒரு நேர்கோடு இரண்டு இடத்தில் வெட்டுவது தெரிகிறது; நடுவில் விதி ஏன் கூடுதலாகவும் வெளியே ஏன் குறைவாகவும் சொல்கிறது என்பதற்கு அந்தப் படத்தைவிட நல்ல விளக்கம் இல்லை. அதோடு விதியை வைத்துத் துல்லியத்துக்கே போய்ச்சேரும் ஒரு வழியும் இருக்கிறது. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் எழுதிவைத்த பழைய முறை: மூலம் என்னவாக இருக்கும் என்று ஒரு ஊகம் செய், எண்ணை அந்த ஊகத்தால் வகு, ஊகத்துக்கும் ஈவுக்கும் சராசரி எடு. ஊகம் நன்றாக இருந்தால் ஒரே தடவையில் விடைக்குப் பக்கத்தில் போய்விடலாம். அந்த முதல் ஊகத்தைத் தருவதற்கு இந்த விதியைப் போலத் தோதானது வேறில்லை. 7, 4 முக்கோணத்தில் வர்க்கங்களின் கூட்டு 65. விதியின் ஊகம் 8.125, வகுத்தால் ஈவு சரியாக 8, சராசரி 8.0625. உண்மை 8.0623. அபத்தமாகிப் போன 40, 9-ஐயே எடுங்கள்: 1681-ஐ 39.5-ஆல் வகுத்தால் 42.56, சராசரி 41.03, வேண்டியது 41. 10-க்கு 10 அறையில் 200-ஐ 13.75-ஆல் வகுத்தால் 14.545, சராசரி 14.148 அடி. உண்மையான மூலைவிட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. மேஸ்திரியின் டேப்பில் அது தெரியவே தெரியாது. ஏணிக்கு மட்டும் விதியை அழைக்க வேண்டாம். 10-உம் 2-உம் கூட்டினால் 12, கழித்தால் 8, பெருக்கினால் 96. 10 என்று ஊகித்தால் ஈவு 9.6, சராசரி 9.8 அடி.